வெடிக்குப் பிறகு கேட்பது

மலையடிவாரத்தில் இருக்கிற மேக்கரைக்குப் பாத்திரம் ஏற்றிப் போனால் திரும்பி வரும்போது ஒரு கரண்டியாவது குறையும். சீசனுக்கு வருகிறவர்கள் அங்கே தோப்புகளில் இறங்கிச் சமைப்பார்கள். ஓடையில் கழுவுகிறேன் என்று கரண்டியைக் கொண்டுபோய் ஓடையோடு விட்டுவிட்டு, வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே வருவார்கள். தென்காசியில் பாத்திர வாடகைக் கடை வைத்திருக்கிறவனுக்குச் சாரலும் அருவியும் ரசிக்கிற விஷயமில்லை. அதனால் ஹஸீபா டீச்சர் வந்து, "பாண்டி அண்ணாச்சி, நாலு நாளைக்குப் பாத்திரம் சும்மா தருவீங்களா, நல்ல காரியத்துக்கு" என்று கேட்டபோது, பாத்திரத்தோடு நானும் வருகிறேன் என்று சொன்னேன். தொண்டு செய்ய வந்த கூட்டத்தில் கரண்டிக்குக் காவலாக வந்தவன் நான் ஒருத்தன்தான்.

இது நடந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஹஸீபா கடையநல்லூர்க்காரி. கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். லீவு நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய்ப் பறவை, பூச்சி, தவளை என்று காட்டிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஆடியில், அகதி முகாமில் இருக்கிற இலங்கைப் பிள்ளைகளை அழைத்து வர ஏற்பாடு செய்திருந்தார். எல்லாம் சண்டையில் தாயையோ தகப்பனையோ, சிலது இரண்டு பேரையுமோ பறிகொடுத்துவிட்டு, சித்தியோடும் மாமாவோடும் படகேறி வந்த பிள்ளைகள்.

மேக்கரையில் தங்க இடம் கொடுத்தவள் உலகம்மாள். பால்வண்ணநாதன் அண்ணாச்சியின் மனைவி. அவர்கள் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பயிர் வைத்திருந்த வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தகரச் செட்டு இருந்தது. அவர்களுடைய மகள் ஸ்ரீலக்ஷ்மி ஹஸீபாவிடம் படித்தவள். அந்தப் பழக்கத்தில் டீச்சர் கேட்க, புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உலகம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

நாங்கள் போய்ப் பாத்திரத்தை இறக்கியபோது அண்ணாச்சி தோட்டத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வெடிகளைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். சாரல் காலத்தில் வெடி நமுத்துப்போகும். அதனால் உமி போட்ட பழைய பால்கேனில் வைத்து, சாயங்காலமானால் எடுத்து அடுப்புக் கதகதப்பில் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டுவார். அடுப்புக்கு எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகப் பயப்படுவார்கள், நான் உட்பட.

ஹஸீபா அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, பிள்ளைங்க இருக்கிற வரைக்கும் இது வேண்டாமே."

"எது டீச்சர்?"

"வெடி. ஷெல் விழுந்து அப்பா அம்மாவ இழந்த பிள்ளைங்க. ராத்திரி திடீர்னு டம்முனு கேட்டா அதுக மனசு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவங்க முதல்ல சொன்னதே அதுதான். திடீர்ச் சத்தம் கூடாதுன்னு."

அண்ணாச்சி ஒரு வெடியைப் புரட்டி வைத்தார்.

"நான் சரின்னுருவேன் டீச்சர். ஆனைகிட்ட யாரு சொல்லுவா?"

டீச்சர் எங்கள் பாத்திர வண்டியைப் பார்க்கிற மாதிரி வெளியே போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் வீட்டுக்குள் ஆரம்பித்தது.

"ஒன்ட்ட யாருட்டி கேட்டா? செட்டக் குடுக்கும்போது வெடியையும் சேத்துல்லா குடுத்துட்டு வந்திருக்க."

"வெடி சமாச்சாரம் எனக்குத் தெரியாது. இப்பத்தான டீச்சர் சொல்லுதாவ."

"போன வருசம் ஓணத்துக்கு என்னத்த வெட்டுனோம்? சொல்லு. தாரா வெட்டுனோம்? ஆன மிதிச்சுப் போட்ட தண்ட வெட்டி மாட்டுக்குப் போட்டோம். இந்த வருசமும் போச்சுன்னா பாட்டத்த ஒப்படைச்சுட்டு நான் திருப்பூருக்குப் போவணும். நீ ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போவணும்."

"போனா போறேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையள நடுங்க வச்சுத்தான் தார் வெட்டணுமா?"

"நான் என்ன, பிள்ளையள வெரட்டவா வெடி போடுதேன்?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சண்டையில் அதுதான் தொந்தரவு. ஒருத்தர் பக்கம் தப்பிருந்தால் பஞ்சாயத்து சுலபம். என்னைப் பார்த்து அண்ணாச்சி, "நீ சொல்லு பாண்டி" என்றார். நான் அண்டாவை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

கேரளத்துக்காரர்கள் ஓணத்துக்கு வறுக்கிற நேந்திரனை நாங்கள் ஏத்தன் என்போம். அந்தத் தோட்டம் முழுக்க ஏத்தன்தான். தார்கள் இறங்கி, காய் முறுகிக்கொண்டு வருகிற பருவம். ஒவ்வொரு வாழைக்கும் கவட்டைக் கம்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். புனலூர் வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் வெட்ட வருகிற வரைக்கும் மலையிலிருந்து யாரும் இறங்காமல் இருக்க வேண்டும். அண்ணாச்சியின் ஆயுசு அந்தக் கொஞ்ச நாளில் தொங்கிக்கொண்டிருந்தது. தீ மூட்டலாம் என்றால் சாரல் அணைத்துவிடும். டார்ச் அடித்தால் இந்தப் பக்கத்து ஆனைகள், யாரோ வழி காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்திலேயே நடந்து வரும். வெடி ஒன்றுக்குத்தான் கொஞ்சம் மரியாதை.

ராத்திரிச் சோற்றுக்கு அரைத்துக்கொண்டிருந்த உலகம்மாளிடம், "எதுக்குக்கா தலைய ஆட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவள் மழுப்பவில்லை. "டிவில பாத்தது பாண்டி. அந்தப் பிள்ளையள் எப்படி இருக்கும், என்னத்தத் திங்கும், சிரிக்குமா சிரிக்காதான்னு ஒரு எண்ணம். பாக்கணும்னு தோணிச்சு. தப்பா?"

தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

பிள்ளைகள் மறுநாள் காலையில் வேனில் வந்து இறங்கினார்கள். சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் முதலில் கவனித்தோம். வேன் நிற்கும் முன்னாலேயே, ஜன்னல் சீட்டுக்கு யார் முதலில் துண்டு போட்டது என்று அடித்துக்கொண்டார்கள். அதிலே நடுவராக நின்றவன் பதினாலு வயசுப் பையன், நிரோஜன். மீசை லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்தது. எதைப் பார்த்தாலும் ஒரு ஏளனம். அவன் முதுகுக்குப் பின்னாலேயே திரிந்த சின்னப் பெண் வினுஜா. கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மேலான வயசில் இங்கே வந்தவள் என்பதால் பேச்சு அப்படியே நம்ம ஊர்ப் பேச்சு.

"ஏலே அண்ணா, அங்கன பாரு, எம்புட்டு வாழ."

"இஞ்ச பாருங்கோ, இவள் இங்கத்தய ஆள் ஆயிட்டாள்," என்று நிரோஜன் அவள் தலையில் தட்டினான்.

மத்தியானம் உலகம்மாள் சொதி வைத்தாள். எங்கள் பக்கத்தில் சொதி என்றால் சாதாரணமில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. தேங்காயை மூன்று பால் எடுத்து, காய்கறி போட்டு, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் தொட்டுக்கொள்ள வைத்து, அவள் காலையிலிருந்து இடுப்பொடிய நின்றிருந்தாள். பிள்ளைகள் இலையில் ஊற்றியதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"சொதிதான் அன்ரி," என்றான் நிரோஜன். ஆன்ட்டியைத்தான் அப்படிச் சொன்னான். "எங்கட சித்தி ஒவ்வொரு நாளும் வைக்கிறவ. கறி இல்லாட்டிச் சொதி."

உலகம்மாளின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வினுஜா சொதியை நக்கிப் பார்த்துவிட்டு, "ஆனா ஆச்சி, எங்க சொதி தண்ணி மாதிரி ஓடும். இது நிக்குது" என்றாள். ஆச்சி என்று பாட்டியாக்கியதில் உலகம்மாளுக்கு வருத்தம் இரண்டாக ஆயிற்று. அப்புறம் அவளே சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்தக் கரண்டி என்னுடையது. எண்ணி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஹஸீபா பிள்ளைகளை ஓடைக்கரையில் வட்டமாக உட்கார வைத்தார். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு சத்தம் காதில் விழுந்தால் ஒரு விரலை நீட்ட வேண்டும். ஒன்றை ஒரு தடவைதான் கணக்கில் எடுக்கலாம். என்னையும் உட்காரச் சொன்னார்கள். எனக்கு இரண்டு விரல்தான் நீண்டது. ஒன்று தண்ணீர், இன்னொன்று யாரோ என் பாத்திரத்தைக் கல்லில் வைத்துத் தேய்க்கிற சத்தம். வினுஜா கைவிரல் தீர்ந்து கால் கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டிருந்தாள்.

நிரோஜன் கண்ணை மூடவில்லை. கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடி இருந்தான்.

"நீ விளையாடலயாப்பா?" என்றார் ஹஸீபா.

"எனக்குக் கண் மூடாமலே கேக்கும் மிஸ். தண்ணி. வாழையிலை. சில்வண்டு. ரெண்டு தினுசு தவளை. மேல ஒரு குரங்கு. அந்தப் பக்கம் அச்சன்கோவில் றோட்டில லொறி ஒண்டு கியர் மாத்துது. காணுமோ?"

போதுமா என்பதைத்தான் அப்படிக் கேட்டான். யாருக்கும் அந்த லாரி கேட்டிருக்கவில்லை. ஹஸீபா அசந்துபோய்ப் பார்த்தார். எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. இந்த வயசுப் பையனுக்கு இப்படி ஒரு காது எங்கிருந்து வந்தது என்று மட்டும் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி வெடி போடவில்லை. அண்ணாச்சி பால்கேனை மூடி, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டார். தன் கை தன்னை மீறிப் போய்விடக் கூடாது என்றுதான் வைத்திருப்பார்.

விடிந்து நான் பல் தேய்த்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனபோது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. எதிரே மலையோரத்து வரிசைகள் படுத்துக் கிடந்தன. முட்டுக் கம்புகள் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தன. தண்டுகள் பிளந்து, உள்ளே வெள்ளைக் குருத்து பாதி தின்றபடி தெரிந்தது. முற்றாத தார்கள் சேற்றில் மிதிபட்டிருந்தன. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தோட்டமாக இருந்திருந்தால் அன்றைக்கே வேனைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன் பாண்டி," என்றார். "கையில தீப்பெட்டி இருக்கு. நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்."

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உலகம்மாள் ஓடிவந்து முன்னால் நின்றாள்.

"ஒண்ணுமில்ல, ஆடிக் காத்துல்லா. காத்து சாச்சுப் போட்டுட்டு. வாங்க, வந்து காப்பி குடிங்க."

ஹஸீபாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று. உலகம்மாள் கண்ணைக் காட்டியதும் அவரும் தலையை ஆட்டி, "ஆமா, நல்ல காத்து" என்றார். முந்தின நாள் பூராவும், எதையும் யாரும் சொன்னார்கள் என்று நம்பாதீர்கள், குனிந்து பாருங்கள், தொட்டுப் பாருங்கள், கேள்வி கேளுங்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதே டீச்சர்தான். பிள்ளைகள் அவர் சொன்ன பேச்சைக் கேட்டுத் தொலைத்தார்கள்.

வினுஜா குனிந்து ஒரு தண்டைத் தொட்டாள்.

"டீச்சர், காத்து வாழத்தண்டத் திங்குமா?"

வினுஜா அடுத்த வாழைக்கு நகர்ந்தாள்.

"எல்லா வாழையும் காத்துல ஒரே பக்கமால்லா விழணும். இது அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு கெடக்கு. பொறவு இது என்னது, குழி குழியா?" அவள் சேற்றில் வட்டமாகப் பதிந்திருந்த ஒரு பள்ளத்துக்குள் இறங்கி நின்றாள். அவளுடைய இரண்டு பாதமும் அதற்குள் அடங்கியது. தண்ணீர் ஊறி நின்றிருந்தது.

பின்னால் வந்த நிரோஜன் பார்த்தான். அந்த ஏளனச் சிரிப்பு போய்விட்டது. வரிசையோடு கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தான்.

"ஆனை," என்றான். "ரெண்டு பெரிசு, ஒண்டு குட்டி. மாமா, காவல் இருக்கேல்லயோ? வெடி போடேல்லயோ?"

அண்ணாச்சி உலகம்மாளைப் பார்த்தார். உலகம்மாள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தரையைப் பார்த்தார். மூன்று பேர் கண்ணும் ஓடின வழியிலேயே பையனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எங்களுக்காகவோ?"

"ஒங்களுக்காகத்தான் தம்பி," என்றார் அண்ணாச்சி. பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "சத்தம் கேட்டா நீங்க பயந்துருவியன்னு சொன்னாவ. சரி, ரெண்டு வாழ போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

"இது ரெண்டு வாழையோ?"

கேட்டுவிட்டு அவன் விறுவிறுவென்று செட்டுப் பக்கம் போய்விட்டான். அவனுக்குக் கோபம் வந்தது எனக்கு விளங்கவில்லை. வாழை போனவர் சும்மா இருக்கிறார், இவனுக்கு ஏன் வருகிறது என்று நினைத்தேன்.

பத்து மணிவாக்கில் நான் அடுப்படியில் அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உலகம்மாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிரோஜன் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அவளிடமிருந்து துருவியை வாங்கி, தானே உட்கார்ந்து துருவ ஆரம்பித்தான். நன்றாகத் துருவினான்.

"எங்கட அப்பாவும் காவல் காத்தவர் அன்ரி."

"அப்படியாய்யா."

"மடு எண்டு ஒரு ஊர். அதுக்கு இஞ்சால எங்கட வயல். மரத்தில பரண் கட்டி இருப்பார். நானும் போறனான். அங்க வெடி போட ஏலாது. வெடிச் சத்தம் கேட்டாச் சண்டை எண்டு நினைச்சு மற்றப் பக்கத்தால அடிப்பாங்கள். தகரம் தட்டித்தான் ஆனை கலைக்கிறது. எனக்கு நல்லாத் தட்டத் தெரியும்."

தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடித்துத் துருவினான்.

"அண்டைக்கு ஒரு தனியன் ஆனை கொட்டிலுக்குக் கிட்ட வந்திட்டுது. தகரத்துக்குப் போகேல்ல. அப்பா எங்கயோ ஒளிச்சு வச்சிருந்த வெடி ஒண்டைக் கொளுத்தினவர். ஆனை ஓடிட்டுது. அது ஓடின ஓட்டத்தைப் பாத்து நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். அப்பாவும் சிரிச்சவர். பிறகு எல்லாம் சும்மா இருந்தது. தவளையும் கத்தேல்ல. கொஞ்ச நேரத்தால செல் வந்து விழுந்தது."

உலகம்மாள் அழுதாள். முந்தானையால் மறைக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நான் சட்டியைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன். பையனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"அழாதையுங்கோ அன்ரி. நான் அதுக்குச் சொல்லேல்ல. வெடிக்கு எனக்குப் பயமில்ல. வெடிக்குப் பிறகு சும்மா இருக்குமே ஒரு நேரம், அதுதான் ஏலாது. ஆனா எங்களால மாமாவின்ர வாழை போகுது எண்டா அதுவும் ஏலாது. எங்களிட்டக் கேட்டிருக்கலாம்தானே. கேக்காம நீங்களே பயம் எண்டு முடிவெடுத்திட்டீங்கள்."

அவன் துருவி முடித்துத் தட்டை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, "கேட்டிருக்கணும்யா" என்றாள். "கேக்கத் தெரியல."

மத்தியானம் ஹஸீபா எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னார். அன்றைக்கும் ஆனை வரும், ஒரு தடவை ருசி கண்டால் விடாது, அண்ணாச்சி வெடி போட வேண்டியிருக்கும் என்றார். பயப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம், சாயங்காலமே வேனில் தென்காசிக்குப் போய்விடலாம், நானும் கூட வருகிறேன் என்றார். நல்லது செய்ய வந்து இரண்டு பக்கமும் தப்பாகப் போய்விட்டதே என்ற தவிப்பு அந்த அம்மாளுக்கு.

"நீங்க போய்ட்டு வாங்க டீச்சர்," என்றாள் வினுஜா. "நாங்க ஆனயப் பாத்துட்டு வாறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தரும் வேனில் ஏறச் சம்மதிக்கவில்லை. வெடி எப்படி இருக்கும், ஆனை ஓடும்போது வாலைத் தூக்குமா, குட்டி முன்னால் ஓடுமா பின்னால் ஓடுமா என்று ஆளாளுக்குக் கேள்வி. சிரிப்பு அடங்கிய பிறகு நிரோஜன் எழுந்து அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்றான்.

"மாமா, நான் உங்களோட நிக்கிறன். போட முதல் சொல்லோணும்."

"சொல்லுதேன்."

"ஒண்டு போட்டா, நான் சொல்லுற வரைக்கும் அடுத்தது போடக்கூடாது."

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "ஆன காத்துக்கிட்டு நிக்காதே தம்பி. முத வெடிக்குத் திகைக்கும். ஒடனே ரெண்டாவது விழுந்தாத்தான் மலைக்குத் திரும்பும். விட்டுட்டா, இவ்வளவுதானான்னு நெனச்சுக்கிட்டு உள்ள எறங்கிரும்."

"தெரியும்."

அண்ணாச்சி மலையைப் பார்த்தார். பிறகு, "சரி, நீ சொன்ன பொறவுதான்" என்றார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. இந்த மனுஷன் பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவை சீக்கிரமே வந்துவிட்டன. விளக்கேற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சாரல் நின்று மலைமேல் இன்னும் லேசாக வெளுப்பு இருந்தது. முதலில் இலை கிழிகிற சத்தம். பிறகு முட்டுக் கம்பு ஒன்று முறிகிற சத்தம். செட்டு வாசலில் பிள்ளைகள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வினுஜா என் வேட்டியைப் பிடித்திருந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கம் வாழைகளுக்கு மேலே கறுப்பாக ஒன்று அசைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சின்னது கண்ணுக்குத் தெரியவில்லை, வாழைகள் ஆடுவதை வைத்துத்தான் அது இருக்கிற இடம் தெரிந்தது.

அண்ணாச்சி மடியிலிருந்து வெடியை எடுத்தார். நிரோஜன் அவருக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்றான்.

"பிள்ளையளா, போடுதேன்," என்று செட்டைப் பார்த்து உரக்கச் சொன்னார். பிறகு பையனைப் பார்த்தார்.

"ஓம்," என்று தலையாட்டினான்.

கொளுத்தி எறிந்தார். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளைகளில் ஒருத்தி கீச்சென்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனைகள் அப்படியே நின்றுவிட்டன. பெரியது ஒன்று தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது. அண்ணாச்சியின் கையில் இரண்டாவது வெடி தயாராக இருந்தது. தீக்குச்சியும் இருந்தது.

நிரோஜன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் நாள் விளையாட்டில் மூடாத கண்ணை இப்போது இறுக்கி மூடியிருந்தான். இரண்டு கையும் முஷ்டியாகத் தொடையோடு ஒட்டியிருந்தன. எங்கும் சத்தமே இல்லை. தவளைகள் நின்றுவிட்டன. சில்வண்டும் நின்றுவிட்டது.

ஆனை தும்பிக்கையை இறக்கியது. சடக்கென்று ஒரு வாழை சாய்ந்தது. தாரோடு விழுகிற கனம் தரையில் கேட்டது.

உலகம்மாள் பொறுக்கமாட்டாமல், "போடுங்க. எறங்குதுல்லா, போடுங்க" என்றாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை நடுங்க வைக்கக் கூடாது என்று முந்தாநாள் சண்டை போட்டவள் அவள்தான்.

"சும்மா இரு," என்றார் அண்ணாச்சி. "பையன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

இன்னொரு வாழை விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாழையைப் பார்க்காமல் பையனின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். முஷ்டியிலிருந்து ஒரு விரல் நீண்டது. ஓடைத் தண்ணீராக இருக்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு விரல். எங்கேயோ ஒரு தவளை, சந்தேகத்தோடு ஒரு தடவை கத்தியிருந்தது. செட்டுக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அதற்கு ஒரு விரல். மூன்றாவது வாழை விழுந்தது, அதற்கும் ஒன்று. அச்சன்கோவில் ரோட்டில் வண்டி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அந்த முறை எனக்கும் கேட்டது. கட்டைவிரலும் நீண்டது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஒண்டும் வரேல்ல மாமா," என்றான். "போடுங்கோ."

இரண்டாவது வெடி விழுந்ததும் ஆனைகள் திரும்பின. குட்டி முன்னால் ஓடியது. வாலைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியது. வினுஜா அதைப் பார்த்துவிட்டு என் வேட்டியை உருவாத குறையாக இழுத்துக் குதித்தாள். நிரோஜன் சிரிக்கவில்லை. அண்ணாச்சியின் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கி, நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, உள்ளே கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

பிள்ளைகள் இருந்த மீதி நாட்களிலும் அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் அண்ணாச்சி ஒரு சத்தம் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பையனின் விரலைப் பார்ப்பார். கடைசி நாள் அவன் கண்ணை மூடாமலே இரண்டு விரலோடு, "காணும், போடுங்கோ" என்றுவிட்டான். ஓணத்துக்குப் புனலூர் வியாபாரி வந்து வெட்டியபோது தோட்டத்தில் மலையோர வரிசைகள் இல்லை. மற்றது தப்பியது. பாட்டம் அவர் கையை விட்டுப் போகவில்லை. எனக்கு ஒரு கரண்டி குறைந்தது. வினுஜா தவளை முட்டை பார்க்க ஓடைக்குக் கொண்டுபோனதாகப் பின்னால் தெரிந்தது.

நிரோஜன் இப்போது கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். இன்னும் முகாமில்தான் இருக்கிறான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. ஓணச் சமயத்தில் அண்ணாச்சிக்கு போன் போட்டு, "தார் எப்படி மாமா?" என்று கேட்பானாம்.

போன ஆடியில் சென்னைக் கூட்டம் ஒன்றுக்குப் பாத்திரம் கொண்டு மேக்கரைக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம் அண்ணாச்சி தோட்டத்து முனையில் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. செட்டு காலியாகக் கிடந்தது. அந்தக் காலிச் செட்டைப் பார்த்து, "போடுதேன்" என்றார். பிறகு ஒரு வெடியைக் கொளுத்தி எறிந்தார். மேலே வாழைகள் சலசலத்தன.

"அடுத்ததப் போடாம யாருக்கு நிக்கீங்க," என்று உலகம்மாள் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "வருசம் பூரா இதே கூத்துதான் பாண்டி. இதனாலேயே வருசத்துக்கு நாலஞ்சு வாழ போவுது."

அண்ணாச்சி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வலது கை தொடையோடு ஒட்டியிருந்தது. ஒரு விரல் நீண்டது, பிறகு ஒன்று. மேலே ஒரு கம்பு முறிந்தது. அவர் அசையவில்லை. அஞ்சு விரலும் நீண்ட பிறகுதான் அடுத்த வெடிக்குத் தீப்பெட்டியை எடுத்தார்.